யாசூர் மலையில் காற்று எந்தப் பக்கம்?

தன்னா தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தை நினைத்துத்தான் போகிறார்கள். யாசூர் எரிமலையின் விளிம்பு. மலையின் உயரம் 361 மீட்டர்தான். வண்டி ஏறக்குறைய உச்சிவரை ஏறிவிடும். மீதி சில நிமிட நடை. வெடித்துக்கொண்டே இருக்கும் ஓர் எரிமலை வாயை இவ்வளவு சுலபமாக நெருங்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு. அந்தி சாயும் நேரத்தில் ஏறி, இருட்டிய பிறகு செந்தணல் பீறிடுவதைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம்.

அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு திரும்பிவிடுகிறவர் யாசூரில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். குழிக்குள் நடக்கும் வாணவேடிக்கை எரிமலையின் ஒரு வேலைதான். விளிம்பைத் தாண்டிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் கூரைகளிலும் தோட்டங்களிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் குழந்தைகளின் பற்களிலும் அது ஓசையில்லாமல் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது வேலைதான் அன்றாடம்.

தன்னா இருப்பது வனுவாட்டு நாட்டில். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிஜிக்கு மேற்கே, பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் 80-க்கும் மேற்பட்ட தீவுகள். 1980 ஜூலை 30 அன்று விடுதலை பெறும்வரை நியூ ஹெப்ரிடீஸ் என்ற பெயரில் பிரிட்டனும் பிரான்சும் அதைக் கூட்டாக ஆண்டன. மக்கள் தொகை சுமார் 3 லட்சம். பேசும் மொழிகளோ நூற்றுக்கு மேல். தலைநகர் போர்ட் விலாவிலிருந்து சிறு விமானத்தில் தெற்கே பறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தன்னா. விமானம் இறங்குவது மேற்குக் கரையில், எரிமலை இருப்பது கிழக்குக் கரையில். நடுவே உள்ள மேட்டு நிலத்தைக் கடந்துதான் போகவேண்டும். அந்த மேட்டின் மறுபக்கச் சரிவில் இறங்கும்போது பச்சைக் காட்டுக்கு நடுவில் சாம்பல் நிறக் கூம்பு ஒன்று, தலையில் புகையோடு, திடீரென்று தெரியும்.

இந்தத் தீவுகள் ஏன் இங்கே இருக்கின்றன என்பதற்கான விடை மேற்கே கடலடியில் கிடக்கிறது. தீவு வரிசையை ஒட்டியே ஓர் அகழி ஓடுகிறது. சில இடங்களில் ஆழம் 7 கிலோமீட்டரைத் தாண்டும். ஆஸ்திரேலியப் புவித்தட்டு அங்கேதான் கிழக்கு நோக்கிச் சரிந்து தீவுகளுக்கு அடியில் இறங்குகிறது. தன்னா இருக்கும் தெற்குப் பகுதியில் இரண்டு தட்டுகளும் ஆண்டுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் நெருங்குகின்றன. இமயமலையை எழுப்பிய இந்தியத் தட்டு இன்று நகர்வது ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில்தான். தட்டுகளின் உலகில் இங்கே நடப்பது ஓட்டப் பந்தயம்.

முன்பு இந்த ஏற்பாடு தலைகீழாக இருந்தது. பசிபிக் தட்டுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்டோங் ஜாவா பீடபூமி என்று ஒன்று கடலடியில் இருக்கிறது. பழைய எரிமலைக் குழம்பு உறைந்து மிகத் தடிமனாகக் கிடக்கும் நிலப்பரப்பு அது. தட்டோடு நகர்ந்து வந்த அந்தப் பீடபூமி இறங்கும் வாயில் வந்து சிக்கிக்கொண்டது. உள்ளே போக முடியாத அளவுக்குப் பருமன். இறங்க வழியில்லாமல் போனதும் எதிர்த்தரப்புத் தட்டு இறங்கத் தொடங்கியது. இது நடந்து ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பது புவியியலாளர் பலர் ஏற்கும் விளக்கம்.

கீழே போகும் தட்டு நேரடியாக உருகி எரிமலையாக வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதைவிட நுட்பமானது. கடலடிப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல்நீரில் ஊறியது. நீர் அதன் கனிமங்களுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனதும் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. அது மேலே இருக்கும் சூடான பாறைக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைந்த வெப்பத்திலேயே உருக ஆரம்பித்துவிடும். அந்த உருகல்தான் மேலேறி வருகிறது. யாசூர் விடும் புகையில் மிகப்பெரிய பங்கு நீராவி. அதில் ஒரு பகுதி என்றைக்கோ கடலாக இருந்த தண்ணீர்.

இனி விளிம்புக்குப் போவோம். குழியின் அகலம் சுமார் 400 மீட்டர். அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சில நாட்களில் நிமிடத்துக்கே இரண்டு மூன்று முறை, ஏதாவதொரு வாய் வெடிக்கும். முதலில் தெரிவது ஒளி. பிறகுதான் ஓசை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால், இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி இருந்தால் வாய் 340 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாலே எந்த வாய் கிட்டே, எந்த வாய் எட்ட என்று பிடிபட்டுவிடும். காதுக்கு எட்டும் முழக்கத்தோடு கேட்க முடியாத தாழ்ந்த அதிர்வும் வருகிறது. அதை நெஞ்சுக்கூடுதான் உணரும். இந்தத் தாழ் அதிர்வைக் கருவி வைத்துப் பதிவுசெய்து, குழாய்க்குள் குழம்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

வெடிப்பது பாறைக்குழம்பு என்பதைவிட வாயு என்பதே சரி. ஆழத்தில் அழுத்தம் அதிகம். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக வாயுக்களும் குழம்புக்குள் கரைந்தே இருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். வாயு குமிழிகளாகப் பிரியும். யாசூரின் குழம்பு ஓரளவு இளகியது. அதனால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கடைசியில் குழாயின் அகலத்தையே அடைத்துக்கொள்ளும் ஒற்றைக் குமிழியாகிவிடும். அது விறுவிறுவென்று மேலேறி, மேற்பரப்புக் குழம்பை உப்பவைத்து, கிழித்துக்கொண்டு வெளியேறும். கிழிந்த துண்டுகள்தான் நாம் பார்க்கும் தீப்பொறிகள். தூரத்திலிருந்து பொறிபோலத் தெரிபவற்றில் சில ஒரு நாற்காலி அளவுகூட இருக்கும். இளகிய நிலையிலேயே விழுபவை தரையில் மோதி, சுவரில் தட்டிய வறட்டிபோலச் சப்பையாகிக் கிடக்கும். பகலில் விளிம்பைச் சுற்றிக் கரிய வட்டங்களாக அவற்றைப் பார்க்கலாம். உடைந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துளைகள். தப்பிக்க நேரமில்லாமல் அகப்பட்டுக்கொண்ட குமிழிகளின் தடம்.

அந்தக் கரிய வட்டங்கள் பார்வையாளர் நிற்கும் இடத்திலும் கிடக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. 1990-களின் நடுவில் இப்படி விழுந்த கற்களால் இங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் நேராக மேலே கிளம்பும் கல், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், சுமார் 500 மீட்டர் உயரம் போய்த் தரைக்கு வர 20 நொடி ஆகும். 20 நொடி என்பது நீண்ட நேரம். ஆகவே எரிமலையாளர்கள் சொல்லும் முதல் பாடம்: முதுகைக் காட்டி ஓடாதே. நின்று, அண்ணாந்து, கல் எங்கே வருகிறது என்று பார். உன்னை நோக்கி வருவதாகத் தெரிந்தால் விலகு. ஓடுகிறவருக்கு மேலே என்ன வருகிறது என்றே தெரியாது.

மலைக்கு இன்று எவ்வளவு கிட்டே போகலாம் என்பதை நாட்டின் வானிலை, புவி இடர் துறை வெளியிடும் எச்சரிக்கை நிலை சொல்லும். 0 முதல் 5 வரை உள்ள அளவுகோல் அது. நிலை ஏற ஏற எல்லை பின்னுக்குப் போகும். வழிகாட்டி 'இன்று கீழேயே நில்லுங்கள்' என்றால், வந்த தூரத்தையும் கொடுத்த கட்டணத்தையும் காட்டி வாதாடுவது அழகல்ல.

உண்மையில், மேலே போக அனுமதி கேட்கவேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். 1774 ஆகஸ்டில் கேப்டன் ஜேம்ஸ் குக் ரெசல்யூஷன் கப்பலில் வந்தபோது, இரவில் கடலிலிருந்து தெரிந்த இந்த மலையின் வெளிச்சம்தான் அவரைத் தன்னாவுக்கு இழுத்தது. கரையில் நங்கூரமிட்டார். கூட வந்த இயற்கையியலாளர்கள் ஃபார்ஸ்டரும் அவர் மகனும் வெந்நீர் ஊற்றுகளில் வெப்பமானியை வைத்து அளந்தார்கள். மலைக்குப் போகத்தான் வழி கிடைக்கவில்லை, ஊர்மக்கள் விடவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களையும் அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இன்றும் வனுவாட்டு அரசியல் சாசனப்படி நிலம் முழுவதும் வழிவழியாக அதற்கு உரிமையுள்ள பூர்வகுடிகளுடையது. எரிமலையும் அதில் அடக்கம்.

குக் கப்பலை நிறுத்திய விரிகுடா போர்ட் ரெசல்யூஷன் என்றே இப்போதும் அழைக்கப்படுகிறது. ஆனால் அவர் கப்பலைப் போன்ற ஒன்று இன்று அதே இடத்துக்கு வந்து நிற்க முடியாது. 1878-லும் 1888-லும் வந்த நிலநடுக்கங்களில் விரிகுடாவின் அடித்தரை பல மீட்டர் உயர்ந்துவிட்டது. இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம் உண்டு. யாசூர் அடிக்கடி வெடித்து வாயுவை விட்டுக்கொண்டே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேர்வதில்லை, ஆகவே பயமில்லை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது மேல்குழாயைப் பொறுத்தவரை சரி. ஆனால் யாசூர் தனி மலையல்ல. பழங்காலத்துப் பெருவெடிப்பு ஒன்றில் நிலமே உள்ளிறங்கி உண்டான சிவி என்னும் பெரும்பள்ளத்துக்குள் முளைத்த சிறு கூம்பு. அந்தப் பள்ளத்தின் நடுவே யென்காஹே என்னும் மேடு, உலகில் வேறெங்கும் அரிதாகவே காணும் வேகத்தில் உயர்ந்துவருகிறது. மேட்டுக்கு அடியில் குழம்பு வந்து சேர்வதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. விளிம்பில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சிறிய எரிமலை. அவர் காலடியில் இருப்பது பெரியது.

இப்போது காற்றுக்கு வருவோம். தன்னாவில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கு வியாபாரக் காற்று வீசும். கிழக்குக் கரையில் கிளம்பும் புகை அப்படியே வடமேற்கே சாய்ந்து தீவுக்குள் போகும். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரையுள்ள வெப்பமும் மழையுமான மாதங்களில் காற்று மாறும். அப்போது வேறு ஊர்களின் முறை. மலையின் வடமேற்கு அடிவாரத்தில் உள்ள சாம்பல் சமவெளிதான் இந்தக் காற்றின் முதல் கையெழுத்து. கரிய மணல் மேடுகள், மழைநீர் அறுத்த வாய்க்கால்கள், அங்கங்கே ஊன்றுவேர்களோடு தனித்து நிற்கும் தாழை. ஒருகாலத்தில் இங்கே ஏரி ஒன்று இருந்தது. சாம்பலும் குழம்பும் ஓடையை மறித்ததால் உண்டான சிவி ஏரி. 2000-ஆம் ஆண்டு பெருமழையில் கரை உடைத்துக்கொண்டு வடிந்துபோனது. வெள்ளம் கடற்கரையில் சல்ஃபர் பே கிராமத்தின் பக்கம் பாய்ந்தது. எரிமலை கட்டிய அணையை எரிமலையே பராமரிக்காது.

கூம்பிலிருந்து தள்ளிப் போகப் போகக் காட்சி மாறுகிறது. சாம்பல் அளவாக விழும் இடங்களில் அதே சாம்பல் உரம். இது வெறும் பேச்சல்ல. எரிமலைச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடி. திடீரென்று குளிர்ந்ததால் படிகமாக நேரமில்லாமல் போனது. வெப்பமண்டல மழையில் கண்ணாடி விரைவில் சிதைந்து பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் விடுவிக்கும். மிஞ்சுவது அலோபேன் என்னும் மிக நுண்ணிய களிக் கனிமம். அது நீரை நன்றாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். நடு மேட்டு நிலத்தில் விளையும் அராபிகா காப்பிக்கும், ஆளுயரக் கொடியேறும் பெருவள்ளிக் கிழங்குக்கும், சேம்புக்கும் இந்த மண்தான் காரணம். 2015 மார்ச்சில் பாம் புயல் தன்னாவின் மரங்களையும் வாழைகளையும் முறித்துப்போட்டபோது, நிலத்துக்கடியில் இருந்த கிழங்குகள் காற்றின் கைக்கு எட்டாமல் தப்பின. கிழங்கை நம்பி வாழ்வதில் எவ்வளவு விவேகம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அதே மண்ணில் விளையும் காவா பற்றி ஒரு வார்த்தை. மாலையில் ஊரின் ஆண்கள் நகமால் எனப்படும் ஆலமரத்தடிப் பொதுவிடத்தில் கூடி, மென்று அரைத்த காவா வேரின் சாற்றைக் குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், பேச்சு தணியும். அந்தச் செடியின் இதய வடிவ இலையைப் பார்க்கிற தமிழர் வெற்றிலை என்றே நினைப்பார். தப்பில்லை, வெற்றிலை, மிளகு, காவா மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காவா விதை கொடுப்பதில்லை. மனிதர் தண்டை வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. ஆக, பசிபிக் தீவுகளில் இன்று இருக்கும் ஒவ்வொரு காவாச் செடியும் யாரோ ஒருவர் வெட்டி நட்டதன் வாரிசு.

சாம்பல் கூடிவிட்டாலோ கதை வேறு. புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் புளோரைடு மூன்றும் மழைத்துளியில் கரைந்து அமில மழையாகின்றன. இலைகள் விளிம்பில் கருகும், பூ உதிரும், தகரக் கூரை துருப்பிடித்து ஓட்டையாகும். காற்று ஒரு பருவம் முழுக்க ஒரே பக்கம் வீசிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் அவ்வளவுதான்.

இவற்றில் என்னை மிகவும் உலுக்குவது புளோரைடு. நுண்துளைகள் நிறைந்த எரிமலை மண்ணில் மழை உடனே உள்ளே இறங்கிவிடும், ஓடைகள் குறைவு. ஆகவே பல ஊர்களில் குடிநீர் என்பது கூரையில் விழுந்து குழாய் வழியே தொட்டிக்கு வரும் மழைநீர். வேறெங்கும் மழைநீர்தான் மிகத் தூய்மையான நீர் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். புகையின் வழியில் இருக்கும் ஊரில் அதுவே புளோரைடைச் சுமந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தன்னாவிலும் வடக்கே உள்ள அம்பிரிம் தீவிலும் தொட்டித் தண்ணீரைச் சோதித்த ஆய்வுகள் அந்த வரம்பு மீறப்படுவதைக் காட்டியிருக்கின்றன. அங்கே குழந்தைகளின் பற்களில் தெரியும் பழுப்புக் கறையைத் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்தக் கறையைத் தடுக்கத்தான். இங்கே புளோரைடு பாறையிலிருந்து கிணற்றுக்கு ஊறி வந்தது; அங்கே அது வானத்திலிருந்து இறங்குகிறது. நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றை விட்டுவிட்டு மேல்நீரைக் குடி என்றோம். அங்கே சொல்லவேண்டிய அறிவுரை நேர் எதிர்: புகை வரும் நாட்களில் கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து பிரித்துவை, முடிந்தால் நிலத்தடி நீரைத் தேடு.

அம்பிரிமில் இந்தப் பிரச்சினை இன்னும் கடுமையாக இருந்தது. தன்னாவிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே உள்ள அந்தத் தீவின் நடுவே 12 கிலோமீட்டர் அகலப் பெரும்பள்ளம். அதற்குள் மாரும், பென்போ என்று இரண்டு கூம்புகள், இரண்டிலும் கொதிக்கும் குழம்பு ஏரிகள் இருந்தன. 2005 முதல் 2015 வரை செயற்கைக்கோள்கள் அளந்ததில், இடைவிடாமல் கந்தக டை ஆக்சைடு விடும் எரிமலைகளில் உலகிலேயே முதலிடம் அம்பிரிமுக்குத்தான். பிறகு 2018 டிசம்பர் நடுவில் சில நாட்களுக்குள் ஏரிகள் இரண்டும் வற்றிப்போயின. குழம்பு மேலே வருவதை விட்டுவிட்டு, நிலத்துக்கடியில் பக்கவாட்டில் பிளந்துகொண்டு 15 கிலோமீட்டருக்கும் மேல் தென்கிழக்கே ஓடி, கடலுக்கடியில் வெளிப்பட்டது. கரையில் மிதகற்கள் ஒதுங்கின. பாமால் என்ற ஊரில் தரையும் வீடுகளும் பிளந்தன. மக்கள் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. எரிமலையின் வாயருகே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடி விழுந்தது, அதை விட்டு எவ்வளவோ தள்ளி இருந்த கடற்கரை ஊரில்.

ஆனால் அதே நிகழ்ச்சி மேற்கு அம்பிரிம் மக்களுக்கு வேறொன்றைக் கொடுத்தது. வாயு வெகுவாகக் குறைந்தது. பல்லாண்டுகளாக அவர்கள் தலைமேல் சாய்ந்திருந்த புகை விலகியது. நிலைத்த முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களிலிருந்து நான்கைந்து வயதுவரை தாடைக்குள்ளேயே உருவாகிறது. அந்தக் காலத்தில் குடித்த நீரின் புளோரைடுதான் கறையைத் தீர்மானிக்கிறது. பல் வெளியே முளைப்பது ஆறு, ஏழு வயதில். ஆக 2019-க்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு முளைக்கும் பற்கள் புகை குறைந்த ஆண்டுகளில் உருவானவை. அவர்களுடைய அண்ணன், அக்காக்களின் பற்கள் புகை கவிந்திருந்த காலத்தவை. ஒரே வீடு, ஒரே தொட்டி, ஒரே சாப்பாடு. எந்த ஆய்வகத்திலும் அமைக்க முடியாத ஒப்பீடு இது. பல் மருத்துவர் ஒருவரும் நீர் வேதியியலாளர் ஒருவரும் அந்தப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் அந்தப் பற்களை எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும். அதில் கிடைக்கும் விடை, யாசூரின் காற்று வழியில் இன்றும் கூரைத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களுக்கு, எந்த அளவுக்கு மேல் குழாயைப் பிரித்துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.